லயம் என்ற கோப்புறை

கண்ணெதிரே தெரிகிற படத்தை இல்லையென்று சாதிக்கிற கணினியை என்ன செய்வது? திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாக, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் சுவர்கள் தெரிந்தன. ஒன்றைப் பெரிதாக்கப் பார்த்தால், 'மூலக் கோப்பைக் காணவில்லை' என்று அது கையை விரித்தது.

சிவானுஜா இன்னொரு படத்தைத் தட்டினாள். அதுவும் திறக்கவில்லை. இந்தச் சுவர்களைப் பற்றி விசாரிக்கக் கட்டட அதிகாரி பதுளையிலிருந்து புறப்பட்டுவிட்டாராம். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் சின்னஞ்சிறுசுகளுக்குப் பாடம் சொல்கிறவள் அவள். மேல் லயத்தின் பின்சுவர் வெடித்ததிலிருந்து, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அந்த வெடிப்பில் ஒரு சீப்பை வைத்துப் படமெடுத்து வந்தாள். முதல் படத்தில் சீப்பின் பல்தான் நுழைந்தது. கடைசிப் படத்தில் சீப்பே உள்ளே போய்விட்டது. நிர்வாகமோ, "அது அந்தக் காலத்து வெடிப்பு" என்று ஒரே பிடியாக நின்றது. படங்களைத் தேதியோடு காட்டினால்தான் மலையடியிலிருந்து குடும்பங்களை மாற்றுவார்கள். அந்த லயத்தில் காம்பரா என்கிற ஒற்றை அறையொன்றில்தான் அவளும் குடியிருந்தாள். மண்சரிவு லயங்களையே மூடிய மீரியபெத்தைக்குப் பிறகு, மழை பிடித்தால் அங்கே யாருக்கும் தூக்கம் கிடையாது. போனில் இடமில்லையென்று படங்களை இந்தக் கணினியில் ஏற்றிவிட்டு அங்கே அழித்ததை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அழித்தவை போய்விழும் தொட்டியில் தேடினாள். இல்லை. ஒரு படத்தின் விவரத்தைத் திறந்தாள். 'லயம்' என்ற கோப்புறையில் இருப்பதாகச் சொன்னது. போய்ப் பார்த்தால் அப்படியொரு கோப்புறையே காணோம். விட்டுவிடுவாளா? படத்தின் எண்ணைத் தட்டிக் கணினி முழுக்கத் தேடவிட்டாள். அகப்பட்டது! அத்தனை படங்களும் 'பசுமைக் கிராமம்' என்ற கோப்புறைக்குள் பத்திரமாக இருந்தன.

"இது யாரு செஞ்ச வேலை?"

அதிகாரிக்காக மடுவத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த தோட்டத்து நலன்புரி அலுவலர் புவனேந்திரன் தலையைத் திருப்பாமலே சொன்னார். "நான்தான் டீச்சர். ஒன்னையும் அழிக்கல. பேரை மட்டுந்தான் மாத்தினேன். பெரிய ஆளுங்க பாக்கிற எடத்துல லயம்னு இருந்தா அசிங்கமா இருக்காதா? இப்பெல்லாம் கிராமம்னுதான் சொல்லணும்."

பேரை மட்டுந்தானாம்! பழைய பெயரில் தேடிய கணினி வேறென்ன செய்யும், பாவம்? சிவானுஜாவுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

"எங்களுக்கு அசிங்கம் இல்லீங்க சார். அந்தச் சுவத்துக்குள்ள எங்களப் படுக்க வச்சிருக்காங்களே, அவங்களுக்குத்தான் அசிங்கம்."

"அவரு வந்துட்டுப் போற வரைக்குமாவது..."

"முடியாதுங்க."

'பசுமைக் கிராமம்' என்ற பெயரை அழித்துவிட்டு, 'லயம்' என்று தட்டினாள். படங்கள் ஒவ்வொன்றாகப் பெரிதாகத் திறந்தன.

அதிகாரி வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். சீப்பு மறைந்த படத்தில் நிறுத்தச் சொன்னார். புவனேந்திரன் முந்திக்கொண்டு, "இது எங்க பசுமைக் கிராமமுங்க" என்றார்.

"இல்லீங்க!" சிவானுஜா எழுந்தாள். திரையிலிருந்த வெடிப்பைச் சுட்டிக் காட்டினாள். "இது லயம். கிராமத்தக் கட்டிக் குடுங்க. அன்னைக்கி நானே பேரை மாத்துறேன்."

பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்து பின்னால் நின்ற பெண்கள் அவளருகே நகர்ந்தார்கள். அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க டீச்சர்" என்றார். "அந்த லயத்தைக் காட்டுங்க."