எல்லோருக்கும் சேர்ந்தது

கல்லூரியில் புயல் என்றால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். வானிலை அலுவலகம் சொல்வதை நாலு வரியாக்கி எல்லோருடைய போனுக்கும் அனுப்புவது என் வேலை. முதல்வர் ஒப்புதல் தந்தால்தான் அனுப்ப முடியும். அவர் புயலை விட்டுவிட்டு என் காற்புள்ளியைத் திருத்துவார்.

அன்று காலை பதினொரு மணிக்குத் தம்பி போனில் கூப்பிட்டான். எங்கள் கல்லூரியின் கடலோர ஆய்வுக்கூடத்தில் மீன் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பார்த்துக்கொள்பவன். ஒப்பந்த வேலை.

"அக்கா, தண்ணி படி வரைக்கும் வந்துடுச்சு. கிளம்பட்டுமா?"

"மெசேஜ் வந்ததும் கிளம்பு. இப்பவே போனா, அக்கா ஆபீஸ்ல இருக்கற திமிருன்னு பேசுவாங்க. வேலையே போயிடும்."

"சரி, சீக்கிரம் அனுப்பு. மீனுங்க கூட என்னை முறைக்குது."

சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

பன்னிரண்டே காலுக்கு முதல்வர் ஒருவழியாகத் தலையாட்டினார். 'கடலோரக் கட்டடங்களில் இருப்பவர்கள் உடனே நூலகத்துக்கு வரவும்.' அனுப்பினேன். எல்லோருக்கும் சேர்ந்தது என்று திரை காட்டியது. தம்பியைத் தனியாகக் கூப்பிடத் தோன்றவில்லை. அதுதான் மெசேஜ் போய்விட்டதே.

ஒரு மணிக்கு நூலகத்தில் தலை எண்ணினோம். தம்பி இல்லை. போன் டவர் செத்துப்போயிருந்தது. விடுதிச் சமையல்காரர் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார்.

"ஏம்மா, எங்களுக்கெல்லாம் மெசேஜே வரலையே. பசங்க ஓடறதைப் பாத்துத்தான் நானும் ஓடி வந்தேன்."

அவரும் ஒப்பந்த ஆள். அப்போதுதான் நினைவு வந்தது. போன மாதம் மழை விடுமுறைச் செய்தியைப் பார்த்து ஒப்பந்த ஆட்களும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். "அவங்க நம்பரையெல்லாம் லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க" என்றார் அலுவலக மேலாளர். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டலில் நீக்கினேன். நாற்பத்தொரு எண்கள். அதில் தம்பியுடையதும் இருந்திருக்கிறது.

கரைப் பாதைக்கு ஓடினேன். பாதை இருந்த இடத்தில் கடல் இருந்தது. காவலாளி என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

மறுநாள் மதியம் மோட்டார் அறையிலிருந்து அவனை எடுத்தார்கள். போனை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். சொட்டு ஈரமில்லை. சார்ஜ் கூட மிச்சமிருந்தது. மெசேஜ் வந்தால் மோட்டார் இரைச்சலில் காதில் விழவேண்டுமென்று சத்தத்தை முழுதாக ஏற்றி வைத்திருந்தான்.