நாலு பேருக்கு ஒரு பாட்டில்

பல் டாக்டருக்குப் பகல் முழுக்கப் பேச்சுதான். ஆனால் எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்துகொண்டே கிடப்பதால் பதில் மட்டும் வராது. மாலையில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கே திறப்பதற்கும் வாய் கிடையாது. மனைவி பிரிந்துபோய் இரண்டு கோடை ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் தெருமுனை ஒயின் கடைக்குப் போவார். தனியாகக் குடிக்கிற ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, முதல் நாளே புளுகு மூட்டையை அவிழ்த்துவிட்டார். வீட்டுக்கு நண்பர்கள் வருகிறார்களாம். அவிழ்த்ததைத் திரும்பக் கட்ட முடியுமா? வாராவாரம் அந்த நண்பர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது.

“எப்பவும் வாங்குற கனமான ரெட் ஒயின் வேணாம் டாக்டர்,” என்றாள் கடைக்காரி. “இந்தச் சூட்டுல சாராய நெடிதான் தூக்கும். இது லேசானது, துவர்ப்பு கம்மி. அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு ஊத்துங்க.”

“ரெட்டைப் போய் ஃப்ரிட்ஜ்லயா?”

“உங்க ஃப்ரெண்ட்ஸ் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லட்டும். எத்தனை பேரு?”

“நாலு பேர்.” பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். “திறந்தா எத்தனை நாள் தாங்கும்?”

கேட்ட பிறகுதான் உறைத்தது. நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு பாட்டில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. டாக்டருக்குக் காது சிவந்தது.

அவள் சிரிக்கவில்லை. பாட்டிலைக் காகிதத்தில் சுற்றினாள். “மூடி, ஃப்ரிட்ஜ்லயே வச்சா மூணு நாள். வீட்டுல நான் ஒருத்திதானே, அப்படித்தான் வச்சுக்கறேன்.”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நாக்கு பழைய பாட்டையே பாடியது. “எங்களுக்கு இன்னைக்கே தீந்துடும்.”

“சரி டாக்டர்,” என்று அவள் அடுத்த ஆளிடம் திரும்பினாள்.

வீட்டில் அரைமணி நேரம் கழித்து ஊற்றினார். ஜில்லென்று இறங்கியது. “பிரமாதம்!” என்று வாய்விட்டே சொன்னார். ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமியது. அவ்வளவு நல்ல ஒயினைக் குடித்துவிட்டு அவருக்கு அழுகை வந்தது. தானும் தனி ஆள்தான் என்று கதவைத் திறந்துவிட்டவளுக்கு முன்னால் இல்லாத நாலு பேரை நிறுத்திவிட்டு வந்தோமே என்று தன்மேலேயே ஆத்திரமும் வந்தது.

சனிக்கிழமை கொஞ்சம் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தை ஊற்றினார். ருசி மாறவில்லை.

திங்கட்கிழமை மாலை கடை வாசலில் டாக்டரைப் பார்த்ததும் அவள் புருவத்தை உயர்த்தினாள்.

“என்ன டாக்டர், இன்னைக்கு? ஃப்ரெண்ட்ஸுக்குப் பிடிச்சுதா?”

டாக்டர் உள்ளே வந்தார்.

“மூணு நாள் தாங்குச்சுங்க,” என்றார்.