உண்மையான ஃபைனல்

சுஹும் ஊரில் சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் இருவருக்கு இறுதிச் சடங்கு நடக்கும். வருகிறவர்கள் வெயிலுக்கு விசிறிக்கொண்டும் இடையிடையே படித்துக்கொண்டும் இருக்க, கையில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். இறந்தவரின் வாழ்க்கைக் கதை, பிள்ளைகளின் பட்டியல், பேரப்பிள்ளைகளின் அஞ்சலி, படங்கள் என்று நாற்பது பக்கம் இருக்கும். அந்தப் புத்தகத்தைப் பெரும்பாலும் டான்சோவாதான் தன் கடைக் கணினியில் தயாரித்துக் கொடுப்பாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு சனிக்கிழமையைக்கூட அவள் தவறவிட்டதில்லை.

இந்த வாரம் அந்தக் கணக்கு உடைந்துவிடும் போலிருந்தது. புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கணினியின் பொத்தானை அழுத்தினாள். கடையைப் பெருக்கினாள். சோளக் கஞ்சியும் காராமணி வடையும் வாங்கிவந்து தின்று கை கழுவினாள். எட்டு இருபத்தைந்துக்குத்தான் திரையில் வெளிச்சம் வந்தது. அதன் பிறகு, கோகோ கொள்முதல் நிலையத்தில் முப்பது வருடம் எடை போட்ட பெரியவர் டார்க்வாவின் வீட்டார் கொடுத்த பென் டிரைவைச் செருகினாள். உள்ளே நூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. படங்கள் இருந்த இடத்தில் வளைந்த அம்புக்குறிகள் மட்டும் வரிசையாக நின்றன. எதை அழுத்தினாலும் திரை உறைந்துபோனது.

சனிக்கிழமை டார்க்வாவுக்கு அடக்கம். வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்குள் புத்தகம் கொஃபொரிடுவாவில் இருக்கும் அச்சகத்துக்கு மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு வருவதை அச்சகக்காரர் வெள்ளிக்கிழமை வேலை என்பார். அவருடைய வெள்ளிக்கிழமை வேலை சனிக்கிழமை யார் கைக்கும் கிடைத்ததில்லை. எதிர்ச் சாரியில் யாவ் ஒடுரோ புதுக் கணினியோடு கடை போட்டு இரண்டு வருடமாகிறது. டான்சோவா எப்போது ஒரு சனிக்கிழமையைக் கோட்டைவிடுவாள் என்று அவன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றும். அவள் கணினி பழுது பார்க்கும் அசியாமாவுக்குப் போன் செய்தாள்.

ஒன்பதரைக்கு அசியாமா வந்தார். கையில் திருப்புளியும் பெயிண்ட் பிரஷும் காற்றடிக்கும் சின்ன மெஷினும் இருந்தன. கணினிப் பெட்டியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஆன்ட்டி, யாரு இது, இங்க கிடத்தி வெச்சிருக்கீங்க?"

"தூசி படக்கூடாதுன்னு போர்த்தி வெச்சிருக்கேன்."

"வெள்ளை லேஸ், ஓரத்துல தங்கக் கரை, தலைமாட்டுல பிளாஸ்டிக் பூ. நான் உள்ள வந்து வேலையைப் பாக்கணுமா, இல்ல சுத்தி வந்து கும்பிட்டுட்டுப் போகணுமா?"

"வேலையைப் பாருங்க மாஸ்டர். அதுக்கு இன்னும் உயிர் இருக்கு."

"மூச்சு விடற ஓட்டையையெல்லாம் மூடிட்டீங்களே, எத்தனை நாளைக்கு இருக்கும்?"

லேஸை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே செம்மண் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. காற்றாடிக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டை ஓடுகள் கிடந்தன. வாசலுக்குத் தூக்கிப் போய்க் காற்றடித்தார். பிரஷால் மூலை முடுக்கெல்லாம் தட்டினார். திரும்ப மாட்டியபோது, இவ்வளவு நாளும் அரிசி மில்போல் இரைந்த பெட்டி சத்தமில்லாமல் ஓடியது. சத்தம் நின்றதும் டான்சோவாவுக்குப் பயமாக இருந்தது.

"ஓடுதா, போயிடுச்சா?"

"ஓடுது. நல்லா ஓடினா சத்தம் வராது."

அடுத்ததாகப் பென் டிரைவைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"படமெல்லாம் உள்ளதான் இருக்கு, வைரஸ் மறைச்சு வெச்சிருக்கு. இது எந்த வீட்டுலேர்ந்து கிளம்புச்சோ தெரியல. உங்க மெஷின்ல ஏறி, இங்கேர்ந்து ஒவ்வொரு வீட்டு பென் டிரைவுக்கும் போயிருக்கு. மூணு மாசமா ஊர்ல நடந்த ஒரு சாவையும் விடல. பாஸ்டர்கூட இவ்வளவு வீட்டுக்குப் போயிருக்க மாட்டார். அவராவது கறுப்பு அங்கி போட்டுப் போவார்."

"அய்யோ, நானா பரப்பினேன்?"

"வைரஸைப் பிடிக்கிற புரோகிராம் ஒண்ணு போட்டுக் குடுத்தேனே, அது எங்க?"

"நிறுத்திட்டேன். போன வருஷம் ஒரு அம்மாவோட பாட்டு ஃபைலை உள்ள விட மாட்டேன்னு அடம் பிடிச்சுது. பாவம், அழுதுகிட்டு நின்னாங்க."

"அவங்க அழுதாங்கன்னு காவல்காரனை வேலையை விட்டே அனுப்பிட்டீங்க."

அவர் எதையெதையோ தட்டினார். நூற்றுப் பன்னிரண்டு படங்களும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. டார்க்வா தராசின் பக்கத்தில் நின்றார். டார்க்வா ஞானஸ்நானத்தில் யாருடைய குழந்தையையோ தூக்கி வைத்திருந்தார். டான்சோவா மூச்சை விட்டாள். ஆனால் அசியாமா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"படம் வந்துடுச்சு, வைரஸ் போகல. அதை விரட்டணும்னா காவல் புரோகிராமைப் புதுசாக்கணும். மூணு வருஷமா தினமும் காலையில ‘இப்போது புதுப்பிக்கவா, பிறகா’ன்னு கேக்குதே, நீங்க பிறகுன்னே அழுத்தியிருக்கீங்க, அதையும் செய்யணும். ரெண்டுக்கும் டிஸ்க்ல இடம் வேணும். இங்க ஒரு விரல் வைக்க இடமில்ல."

"எவ்வளவு வேணும்?"

"முப்பது ஜிபி இருந்தா போதும். பழைய ஆளுங்க ஃபோல்டர் கொஞ்சம் அழிக்கலாமா? இதுல எத்தனை பேர் இருக்காங்க?"

"ஆயிரத்து நானூத்திப் பதினொண்ணு. ஒருத்தரையும் தொடக்கூடாது."

"ஓராண்டு நினைவும் முடிஞ்சவங்க இருப்பாங்களே?"

"இருப்பாங்க. அவங்க சம்சாரம் போகும்போது கல்யாணப் படம் குடுன்னு பிள்ளைங்க வேற எங்க வருவாங்க? நான் போன வருஷம் இடம் பத்தலன்னு உங்கப்பாவை அழிச்சிட்டேன்னு சொல்லவா? செத்தவங்களை ரெண்டாந்தரம் அனுப்பறதுக்கு நான் ஆள் இல்ல மாஸ்டர்."

"வெளி டிஸ்க்குக்கு மாத்தலாம். ஆனா இந்த மெஷின் போற வேகத்துக்கு நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும்."

நாளைச் சாயங்காலம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கண் தானாக எதிர்ச் சாரிக்குப் போனது. யாவ் நாற்காலியில்தான் இருந்தான்.

"சரி, யார் அதிக இடத்தைப் பிடிச்சிருக்காங்கன்னு பாப்போம்" என்று அசியாமா ஃபோல்டர்களை அளவுப்படி வரிசையாக்கினார். பட்டியலின் உச்சியில் வந்து நின்ற பெயரைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"என் ஆழ்ந்த அனுதாபங்கள், ஆன்ட்டி. எப்போ நடந்துச்சு? ஒரு வார்த்தை சொல்லலையே."

அந்த ஃபோல்டரின் பெயர் டான்சோவா. அளவு அறுபத்தோரு ஜிபி.

டான்சோவா லேஸ் துணியை ஒரு தடவை உதறி மறுபடியும் மடித்தாள். "நான் போனா என் புத்தகத்தை யார் போடுவா? அந்த யாவ்தான் போடுவான். ஊதா கலர்ல பார்டர் வைப்பான். வாயைத் திறந்துகிட்டு இருக்கற படமாப் பார்த்து அட்டையில போடுவான். எல்லாருக்கும் போடற அதே அஞ்சலியை எனக்கும் போடுவான்."

"நீங்களும் எல்லாருக்கும் ஒண்ணுதானே போடறீங்க? ‘யாரிடமும் சண்டை போட்டதில்லை’ன்னு."

"எனக்கு அதைப் போட்டுக்கல."

"போட்டா ஊர் நம்பாது, அது சரி." உள்ளே திறந்து பார்த்தார். ஃபைனல், ஃபைனல் இரண்டு, உண்மையான ஃபைனல், இந்த வருட உண்மையான ஃபைனல் என்று மொத்தம் இருபத்து மூன்று புத்தகங்கள். அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள் வீடியோ மூன்று பிரதி. "இருபத்திரண்டாம் பக்கம், ‘கணினி நிபுணர் அசியாமாவின் அஞ்சலி’. இதை நான் எப்போ எழுதினேன்?"

"கேட்டா நேரமில்லன்னு சொல்வீங்க. நானே எழுதிட்டேன்."

"‘அவர் அழைத்தபோதெல்லாம் நான் தாமதமாகவே வந்தேன். ஒருமுறையும் அவர் என்னைத் திட்டாமல் விட்டதில்லை.’" அசியாமா தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கேன். ஆன்ட்டி, அந்த ஆயிரத்து நானூத்திச் சொச்சம் பேர்ல யார்கிட்டயும் நாம அனுமதி கேக்க முடியாது. இந்த ஒருத்தர்கிட்ட மட்டும்தான் கேக்க முடியும்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. டான்சோவா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றில் அவள் மெலிந்திருந்தாள். ஒன்றில் தலைத்துணி சரியாக நின்றிருந்தது. ஒன்றில் தனக்குத் தானே எழுதிக்கொண்ட ஒரு வரி அவளையே கண்கலங்க வைத்திருந்தது. எதையும் எளிதில் விட முடியவில்லை. ஆனால் டார்க்வா தராசின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைப் படத்தில் அவள் நீலக் கபா சட்டை போட்டிருந்த ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு மற்ற இருபத்திரண்டையும், வீடியோவில் இரண்டு பிரதியையும் அழித்தாள். அழித்தும் இடம் வரவில்லை. கணினியின் குப்பைத் தொட்டியை ஆறு வருடமாகக் காலி செய்யவே இல்லை என்று அசியாமா கண்டுபிடித்தார். வேண்டாதவற்றைப் பத்திரமாக எடுத்து வைக்கிற அலமாரி அது என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அதன் பிறகு வேலை மடமடவென்று நடந்தது. காவல் புரோகிராம் திரும்ப வேலைக்கு வந்தது. வைரஸ் அகப்பட்டது. புதுப்பிப்பு முடிந்தது. கணினி விழிக்கும்போதே கூடவே விழித்துக்கொண்டிருந்த பதினான்கு புரோகிராம்களில் பன்னிரண்டைத் தூங்கப் போகச் சொன்னார். திரையின் ஓரத்தில் அவள் ஒட்டியிருந்த கடவுச்சொல் சீட்டைக் கிழித்தார். "ஊரே இதைப் படிச்சுட்டுத்தான் உள்ள வருது" என்றார். கிளம்பும்போது, "சனிக்கிழமை அடக்கம், ஞாயித்துக்கிழமை நன்றி ஆராதனை. திங்கக்கிழமை உங்களுக்கு வேலை இருக்காது. வாராவாரம் அன்னைக்குத் தூசி தட்டுங்க, புதுப்பிங்க, குப்பையைக் கொட்டுங்க, எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல ஒரு பிரதி எடுங்க. யார் பென் டிரைவா இருந்தாலும் சோதிக்காம திறக்காதீங்க. இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் பதினொன்று இருபதுக்குப் புத்தகம் அனுப்பத் தயாராக இருந்தது. அப்போது டார்க்வா குடும்பத்தின் தலைவர் அம்போன்சா பெரியவர் கடைக்குள் வந்தார். அவர் பின்னால் நாற்பது வயதில் ஓர் ஆள் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தான். டார்க்வாவின் அதே விடைத்த காதுகள்.

"மகளே, பட்டியல்ல எட்டுப் பிள்ளைன்னு இருக்கில்ல? ஒன்பதுன்னு மாத்து. இவன் நியார்கோ. டக்கோராடியில இருக்கான். நேத்து ராத்திரி குடும்பத்துல உக்காந்து பேசி முடிச்சாச்சு. ரெண்டாவது பிள்ளை."

பட்டியல் ஏற்கெனவே ஆறு முறை மாறியிருந்தது; ஒவ்வொரு முறையும் பழைய புத்தகத்தையும் அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். டான்சோவா, பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் ‘நானா’ என்ற சொல்லோடு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தாள். "நானா, இந்த நேரத்துல முடியாது. சிஸ்டம் ரொம்ப மெதுவா இருக்கு, திறக்கவே அரை மணி…"

"திறந்திருக்கே" என்றார் பெரியவர்.

திறந்துதான் இருந்தது. அவள் வாக்கியம் முடியுமுன் பிள்ளைகள் பட்டியல் இருந்த ஒன்பதாம் பக்கமே வந்து நின்றது. பத்தொன்பது வருடமாகக் கைகொடுத்த சாக்கு போய்விட்டது. மணி பதினொன்று இருபத்து நான்கு. அவள் நியார்கோவைப் பார்த்தாள். அவன் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படம் இருக்கா?"

அவன் போனை நீட்டினான். அவள் அதைக் கணினியில் செருகியதும் சோதனை தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்து போவதைப் பார்த்து அவன் முகம் மாறியது. "என்னையா சோதிக்கிறீங்க?"

"உங்களை இல்லப்பா, போனை. உங்களை அவங்க நேத்தே சோதிச்சு முடிச்சுட்டாங்க."

பெரியவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். டான்சோவா ‘எட்டு’ என்று இருந்த நான்கு இடங்களில் ‘ஒன்பது’ என்று போட்டாள். நியார்கோவை இரண்டாவதாக எழுதி, மற்ற ஏழு பேரை ஒரு வரி கீழே இறக்கினாள். தந்தையும் மகனும் ஒரே மாதிரிக் காதுகளோடு நின்ற படத்தை முப்பத்தொன்றாம் பக்கத்தில் வைத்தாள். பதினொன்று நாற்பத்தேழுக்குப் புத்தகத்தை அனுப்பினாள். பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு அச்சகத்திலிருந்து ‘கிடைத்தது’ என்று பதில் வந்தது.

பெரியவர் எழுந்தார். "நல்லது மகளே. பழைய ஆறு புத்தகத்தையும் அப்படியே வெச்சிரு. நாளைக்கு வீட்டுல யாராவது வந்து பழைய பட்டியல் எங்கன்னு கேட்டா..."

"கேப்பாங்க நானா, அதுக்குத்தான் சொல்றேன். உக்காருங்க." அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "எனக்கு இனிமே இடம் முக்கியம். எதை வெச்சுக்கறது, எதை அழிக்கறதுன்னு குடும்பத் தலைவர்தான் சொல்லணும். நீங்களே அழிங்க. யாராவது வந்தா, நானா கையாலயே அழிச்சார்னு சொல்லிடறேன்."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். டார்க்வாவுக்கு ஏழு பிள்ளைகள் இருந்த புத்தகம் போயிற்று. ஆறு பிள்ளைகள் மட்டும் இருந்ததும் போயிற்று. எட்டுப் பிள்ளைகள் இருந்த நான்கில் மூன்று போயின. நியார்கோ பெயர் இல்லாத கடைசிப் புத்தகத்தில் விரல் நின்றது.

"இதுல என் பேர் முதல் பக்கத்துல பெருசா இருக்கே."

"அனுப்பினதுலயும் முதல் பக்கத்துலதான் இருக்கு நானா. அழுத்துங்க."

அவர் நியார்கோவைத் திரும்பிப் பார்த்தார். அழுத்தினார்.