சாகாத செல்கள்

அதியமான்கோட்டை ஆய்வகத்தில் டேவிட்ராஜ் பட்டுப்புழுவின் செல்களைக் குடுவையில் வளர்த்துவந்தான். பட்டுப்புழுக்களைக் கொல்லும் பால்நோய் வைரஸை அவற்றில் விட்டால் மூன்றே நாளில் அவை உப்பி, உட்கரு முழுக்க மணிமணியாய் வைரஸ் நிறைந்து, வெடித்துச் சாக வேண்டும். இந்த முறை ஐந்தாம் நாளாகியும் ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன.

நோய்க்கு அசராத செல்லைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பூரிப்பில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டான்.

குடுவை கழுவும் எழிலரசி எட்டிப் பார்த்தாள். பாப்பாரப்பட்டியில் அவள் வீட்டிலும் பட்டுப்புழு வளர்ப்புதான்.

"பொழச்சுக்கிச்சுங்களா சார்? நான் பண்ணுனது வீண்போகலைங்க."

"என்னம்மா பண்ணுன?"

"ஃப்ரிட்ஜுல பால்நோய்னு எழுதி ஒரு பாட்டில் இருந்துச்சுங்களே. எங்க வூட்டுல அந்த நோய் வந்தா கிருமி சாகட்டும்னு புழுத் தட்டையெல்லாம் கழுவி வெயில்ல போட்டுருவோம். அதான் போன வாரம் அந்தப் பாட்டிலையும் நாலு நாள் மொட்டமாடி வெயில்ல காட்டித் திரும்ப வச்சேன்."

டேவிட்ராஜ் மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தான்.

"அது இந்தச் செல்லைக் கொல்றதுக்குன்னே நான் வளத்த வைரஸ்ம்மா."

எழிலரசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் ஊரெல்லாம் உங்களைப் புழு டாக்டர்னு சொல்லி வச்சிருக்கேனுங்களே சார்."