வட்டங்களுக்கு வெளியே ஒரு கறிக்கடை

லுங்சிகாவுக்கு நகரத் திட்டம் வரைய வந்தவள் எங்கள் ஊர்ப் பெண்தான். பெயர் யாங்டென். திம்புவில் படித்து, அங்கேயே ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு தோல் பையும் சுருட்டிய காகிதங்களுமாக அம்மா வீட்டு மாடிக்குத் திரும்பி வந்தாள்.

வந்த முதல் இரண்டு மாதமும் அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை. காலையில் மூடுபனி ஆற்றிலிருந்து எழும்பிப் பள்ளத்தாக்கை நிரப்பும் நேரத்தில் கிளம்பிவிடுவாள். பனிக்குள் அவள் உடம்பைச் சுற்றி உடுத்திய கிராவின் சிவப்பு மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதுவும் கரைந்துவிடும். ஊற்று எங்கே பிறக்கிறது, நாகங்கள் குடியிருக்கும் சதுப்பு எதுவரை, மான்கள் எந்தத் தடத்தில் ஆற்றுக்கு இறங்குகின்றன, நாய்கள் எந்தத் திடலில் வெயில் காய்கின்றன என்று குறித்துக்கொண்டே நடந்தாள். வாய் பேசாதவர்களுக்கு முதலில் இடம் விட்டுவிட்டு, மிச்சத்தில் மனிதருக்கு வீடும் கடையும் என்பது அவள் கணக்கு. எங்களுக்கும் அது பிடித்திருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் நிலத்தில் நாலில் ஒரு பங்கைப் பொதுவுக்கு விட வேண்டும் என்றபோதுகூட யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை.

ஊர்க் குழு தன் பங்குக்கு ஒரே ஒரு விதி சேர்த்தது. கோயில், தூபி, மந்திரம் பொறித்த மணிச்சுவர், பள்ளிக்கூடம், ஊற்று, இவை எதற்கும் இருநூறு மீட்டருக்குள் கறிக்கடை இருக்கக் கூடாது. எல்லாரும் கை தூக்கினார்கள். எங்கள் ஊரில் யாரும் ஆடு மாட்டை வெட்டுவதில்லை. கறி எல்லைப்புறத்திலிருந்து வண்டியில் வரும். வெட்டுவதுதான் இல்லையே தவிர, தின்னாதவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

யாங்டென் மெல்லிய தாளை வரைபடத்தின் மேல் விரித்து, கவராயத்தால் வட்டங்கள் போட ஆரம்பித்தாள். குளத்தில் தூறல் விழுவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக வட்டங்கள் விரிந்தன. பார்க்க அழகாக இருந்ததால் அவளும் மெய்மறந்து போட்டுக்கொண்டே போனாள்.

மறுநாள் நிதுப் லாம் அலுவலகத்துக்கு வந்தாள். பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே பதினாறு வருடமாகக் கறிக்கடை வைத்திருப்பவள். புருஷன் இல்லை, ஒரு மகள் புனாக்காவில் செவிலி வேலை பார்க்கிறாள். கன்னத்தில் வெற்றிலை பாக்கை ஒதுக்கிக்கொண்டு மேசைமேல் குனிந்து வரைபடத்தைப் பார்த்தாள்.

"இது என்ன மேடம், புள்ளி புள்ளியா?"

"மான் போற வழி."

"இது?"

"நாய்ங்க படுக்கிற இடம்."

"நல்லாருக்கு. நாய்க்கும் பட்டா குடுத்துட்டீங்க. நான் எங்க இருக்கேன்?"

யாங்டென் தேடினாள். பழைய கடை பள்ளிக்கூட வட்டத்துக்குள் விழுந்துவிட்டிருந்தது. மேட்டுத்தெரு முழுக்கக் கோயில் வட்டம். ஆற்றோரம் மணிச்சுவர். மேற்கே ஊற்று. விரல் வட்டத்திலிருந்து வட்டத்துக்குத் தாவிக்கொண்டே போய், பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில், ஒரு இலையளவு வெள்ளையில் நின்றது. அவள் முகம் மாறியதை நிதுப் கவனித்தாள்.

"யாரு நெலம் அது?"

"பாத்துச் சொல்றேன்."

பார்க்கவே வேண்டியதில்லை. அது அவள் அம்மாவின் கீழ்த்தோட்டம். இன்னும் பொதுவுக்குப் பங்கு பிரிக்காமல் கிடந்த ஆப்பிள் தோட்டம்.

இரண்டு வாரம் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா ரின்ஸின் தினமும் விடியலில் ஏழு கிண்ணங்களில் தண்ணீர் வைத்து வணங்குபவள். கறி தொட்டு இருபது வருடம் ஆகிறது. அந்தப் பூசையறை ஜன்னலைத் திறந்தால் தெரிவது கீழ்த்தோட்டம்தான். ஆனால் சின்ன ஊரில் தாளில் இருப்பது தாளிலேயே இருக்காது. கடை எங்கே வரும் என்று தெரியாவிட்டாலும், தூபி இருந்தால் அந்தப் பக்கம் வராது என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அதன்பிறகு நடந்ததை நாங்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்வோம். மழைக்குப் பின் காளான் முளைப்பதுபோலத் தூபிகள் முளைத்தன. ஜன்னலைத் திறந்தால் நேற்று வெறும் உருளைக்கிழங்கு வயலாக இருந்த இடத்தில் இன்று இடுப்பளவு வெள்ளைத் தூபி நிற்கும். பதினொன்று எண்ணினோம். லாமா ஓதி ஓதித் தொண்டை கட்டி, வெந்நீரும் கையுமாக நடந்தார்.

யாங்டென்னின் தாய்மாமன் நாம்கேதான் எல்லாரையும் மிஞ்சினார். கீழ்த்தோட்டத்தில், தங்கையைக் கேட்காமலே, ஆள் உயரத் தூபிக்கு அடித்தளம் போட்டுவிட்டார். தூபி கட்டுகிறார்கள் என்றால் யார் வேண்டுமானாலும் போய்க் கல் சுமக்கலாம். வேண்டாமென்று சொல்லக் கூடாது.

அன்று காலை பனி மிக அடர்த்தி. யாங்டென் தோட்டத்துக்குள் இறங்கியபோது மரங்கள் இருப்பதே தெரியவில்லை. ஆப்பிள்கள் மட்டும் அந்தரத்தில் தொங்கின. எங்கோ உளி தட்டும் சத்தம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல வந்தது. பனியைப் பிளந்துகொண்டு முதுகில் பலகைக்கல்லோடு ஒருத்தி வந்தாள். நெற்றியில் சுமை தாங்கும் பட்டை, வளைந்த முதுகு. கிட்டே வந்ததும்தான் நிதுப் என்று தெரிந்தது.

"நீங்களா?"

"நானேதான். கொஞ்சம் தள்ளு மேடம், எறக்கணும்."

கல்லை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். யாங்டென்னுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இது எதுக்குக் கட்றாங்கன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? அந்த வெள்ளப் புள்ளி இதுதானே. அன்னிக்கே உன் மூஞ்சியில எழுதியிருந்துச்சு. இது எழும்பிட்டா எனக்கு இந்த ஊர்ல எடம் கெடையாது."

"அப்புறம் ஏன் சொமக்குறீங்க?"

நிதுப் துணியால் முகத்தைத் துடைத்தாள். "பதினொண்ணு கட்டினாங்களே, எல்லாத்துக்கும் சொமந்தேன். புண்ணியம் அவசரமாத் தேவைப்படுறவ இந்த ஊர்ல என்னைவிட யாரு? உங்க மாமாவுக்கு என்ன, அவரு கறி வாங்கித் தின்னவரு. நான் வித்தவ." பிறகு சிரித்தாள். "அதோட, அவரு வச்ச ஆளு ரெண்டு பேரும் சுத்தச் சோம்பேறி. நான் வரலேன்னா இது அடுத்த வருஷம்தான் முடியும்."

அவள் மறுபடி பனிக்குள் இறங்கிப் போனாள். யாங்டென் ஒரு மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிற்பாடு எங்களிடம் சொன்னாள்: வெள்ளைத் தரைமேல் தான் போட்ட வட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தனவாம், வேலி போல. ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தாளாம். மான் இருந்தது, நாய் இருந்தது, நாகங்கள் ஈர உடம்போடு சுருண்டு கிடந்தன. வேலிகளுக்கு நடுவே ஒரு பெண் கல்லோடு இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தாள், இறக்கி வைக்க இடமில்லாமல். யாங்டென் கண்ணைத் திறந்தபோது பனி விலகி, அவள் மடியில் பழுக்காத இரண்டு ஆப்பிள்கள் விழுந்து கிடந்தன.

ஒன்பது நாள் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ஆண்கள் சபை மரியாதைக்கான தோள்துண்டு போட்டு வந்திருந்தார்கள். நிதுப் கடைசி வரிசையில் வாசலோரம் நின்றாள். யாங்டென் வரைபடத்தைச் சுவரில் மாட்டினாள். அதன் மேல் வட்டத்தாள் இல்லை.

"வட்டமெல்லாம் எடுத்துட்டேன்," என்றாள். "தூரத்தை வச்சு அளந்தது என் தப்பு. கடை எப்படி இருக்கணும்னுதான் எழுதியிருக்கணும். முன்பக்கம் கதவு மூடியிருக்கும். கறி வெளியில தொங்காது. கழுவின தண்ணி தனிக் குழியில எறங்கும், ஊத்துக்கோ ஓடைக்கோ போகாது. புனித மாசங்கள்ல பூட்டு. எடம் எங்க அம்மா தோட்டம். எங்க வீட்டுப் பங்கு இன்னும் பிரிக்கல, அதுல வரட்டும்."

நாம்கே மாமா எழுந்துவிட்டார். "தூபிக்குப் பக்கத்துல கறிக்கடையா? படிச்சுப் படிச்சு மூளை கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"அந்தத் தூபிக்குப் பாதிக்கு மேல கல் சொமந்தது அவங்கதான் மாமா."

"யாரு கேட்டா அவளை?"

முன்வரிசையிலிருந்து தபால்காரர் கத்தினார்: "நாம்கே, உன் வீட்டு மச்சுல காயுற பன்னிக்கொழுப்பு என்ன, ஆப்பிள் மரத்துல காச்சதா?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. மாமா காது சிவந்தது. ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் எல்லார் கண்ணும் அம்மா ரின்ஸின் பக்கம் திரும்பியது. நிலம் அவளுடையது. யாங்டென் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்ல முயன்ற ஒவ்வொரு மாலையும் அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "எத்தனை மரம் போகும்?"

"நாலும்மா. கீழ்வரிசை."

"கீழ்வரிசையா? அதெல்லாம் புளிப்பு." மகள் பக்கம் திரும்பினாள். "இதை வீட்ல சொல்லியிருக்கலாம் நீ. ஊரைக் கூட்டித்தான் பெத்தவகிட்ட கேக்கணுமா?"

"பயந்துட்டேம்மா."

"ம்," என்றாள் அம்மா. "அளந்துக்கோ."

அவ்வளவுதான் கூட்டம். கை தூக்கியவர்கள் பாதி, தூக்காதவர்கள் கால், மிச்சப் பேர் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்கள். திட்டம் நிறைவேறியது.

நான்கு மரங்களையும் வசந்தத்துக்கு முன் வேரோடு பெயர்த்து மேல்வரிசைக்குக் கொண்டுபோனார்கள், இரண்டு பிழைத்தன. நாம்கே மாமா அந்தப் புத்தாண்டுக்குத் தங்கை வீட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த புத்தாண்டுக்கும் வரவில்லை. அவர் கட்டிய தூபியை மட்டும் தினமும் வலம் வருவார், கடையின் பக்கம் வரும்போது முகத்தை ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டு. மாமாவுடையதோடு பன்னிரண்டு புதுத் தூபிகளையும் யாங்டென் வரைபடத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் வலம் வர வழிவிட்டுச் சாலை போட்டதில் அது பாம்பாக நெளிந்தது. அதில் வண்டி ஓட்டுகிறவர்கள் திட்டுவது இன்னும் ஓயவில்லை.

அம்மா தன் பெண்ணோடு அறுவடை வரை சரியாகப் பேசவில்லை. சோறு போடுவாள், மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்ட குழம்பை ஊற்றுவாள், போய்விடுவாள். பூசையறை ஜன்னலை மூடி வைத்தாள். ஒருநாள் காலை யாங்டென் படி இறங்கும்போது அந்த ஜன்னல் திறந்திருந்தது. கீழே பனிக்குள் இரண்டு குரல்கள் கேட்டன.

"தண்ணியை அந்தப் பக்கம் ஊத்தாதே."

"அங்கதான் குழி இருக்கு, அக்கா. வந்து பாருங்க."

"நான் உள்ள வர மாட்டேன்."

"உள்ள வராதீங்க. பின்னாடி சுத்தி வாங்க. இந்தாங்க, பாக்கு போடுறீங்களா?"

காலடிச் சத்தம் கடைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனது. பிறகு அம்மா, வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேசும் குரலில், "சுண்ணாம்பு ஜாஸ்தி," என்றாள்.

யாங்டென் அவர்களைத் தாண்டாமல், மேல்வழியாகச் சுற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தாள்.