படகுத்துறைக் கொலையில் மாறிப்போன குற்றவாளி

வாரத்தில் ஆறு நாள் அவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறு மதியம் மட்டும் வேறு வேலை. மேசையைச் சுற்றி மூன்று பேரை உட்காரவைத்து ஒரு கொலைக் கதையை ஆரம்பிப்பான். மூவரும் அந்தக் கதைக்குள் துப்பறிகிறவர்கள். யாரை விசாரிப்பது, எந்தப் பூட்டைத் திறப்பது என்று அவர்கள் சொல்ல, பகடையில் விழும் எண்ணைப் பார்த்து அடுத்து நடப்பதை அவன் சொல்வான். ஆட்டத்தை நடத்துகிறவன் என்பதால் ‘கண்டக்டர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. “ஸ்டாப் வந்தாலும் இறக்கிவிடாத கண்டக்டர்” என்பார் பல் டாக்டர்.

அவரைத் தவிர ஒரு கணக்கு வாத்தியார், அப்புறம் அவனுடைய அக்கா. பதினாறு வருடம் “உனக்கு என்ன தெரியும்” என்பதையே கேட்டுக் கேட்டு, கடைசியில் புருஷனைப் பிரிந்து வந்தவள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி பிரித்து அடுக்கும் வேலை. நாலு பேரோடு பேசிப் பழகட்டும் என்று அவன்தான் வற்புறுத்தி அழைத்து வந்தான்.

படகுத்துறைக் கொலையை இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தான். ஆறு ஞாயிறு ஓட வேண்டிய கதை. இரண்டாவது ஞாயிறே அக்கா வாய் திறந்தாள்.

“தப்பா இருந்தாலும் இருக்கும். கொலை செஞ்சது அந்த டிக்கெட் எழுதுற ஆளுதானே? மழைக்கு முன்னாடியே வந்துட்டேன், வெளியவே போகலன்னான். அப்புறம் மூலையில இருந்த குடையில ஏன் தண்ணி சொட்டுது?”

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்டக்டர் தன் நோட்டைப் பார்த்தான். அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. ஆனால் இப்போதே ஒப்புக்கொண்டால் எழுதிவைத்த சுரங்கப்பாதையும் கள்ளக் கடிதங்களும் அப்படியே குப்பைக்குப் போகும். ஒரு நொடிதான் யோசித்தான்.

“அது அவன் குடை இல்ல. படகுத்துறை மேனேஜர் வச்சுட்டுப் போனது” என்றான் முகம் மாறாமல்.

“நான்தான் சொன்னேன்ல, தப்பா இருக்கும்னு.” அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குப் பிறகு நாலு வாரமும் மற்றவர்கள் சொன்னதற்குத் தலையாட்டினாள். மேனேஜரே கொலைகாரன் என்று அவன் கதையை முடித்தபோது அவளும் கைதட்டினாள்.

மூன்று மாதம் கழித்து, அவள் வீட்டுக் கதவுப் பூட்டை மாற்றப் போயிருந்தான். அக்கா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: சலவைக்கூடத்தில் புதுப் போர்வைகள் காணாமல் போயினவாம். இஸ்திரி போடும் பெண்மேல் பழியைப் போட்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம்.

“அவ எடுக்கல. சூப்பர்வைசர்தான்னு எனக்கு மொதல்லயே தோணுச்சு. கிழிஞ்ச துணின்னு அவர் வெளியே அனுப்புற மூட்டை ஓரத்துல புதுத் துணி மடிப்பு தெரிஞ்சுது.”

“ஏன்க்கா சொல்லல?”

“குடை விஷயத்துல பாத்தியே. அவ்வளவு உறுதியா இருந்தேன், தப்பாப் போச்சு. அது வெளையாட்டு. இங்க ஒருத்தர் பொழப்புல்ல?”

கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றபடியே, அன்று குடையை மேனேஜருடையதாக மாற்றியதை அவன் சொன்னான். கத்தி நின்றது.

“அப்ப நான் சொன்னது சரியா?”

“முழுக்கச் சரி.”

“அன்னிக்கில்லன்னாலும் கடைசி வாரமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மறுநாள் காலை அவள் நேராக ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள். அடுத்த மூட்டையைப் பிரித்தார்கள்; மேலே நாலு கிழிசல், அடியில் எல்லாம் புதுப் போர்வை. சூப்பர்வைசரை அனுப்பிவிட்டு இஸ்திரிப் பெண்ணுக்கு ஆள் விட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளோடு அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள் பக்கத்து வீட்டில். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிறன்று மற்ற இருவரிடமும் ஒப்புக்கொண்டான். “ஆட்டத்துல இதெல்லாம் சகஜம்பா” என்றார் டாக்டர். அவனால் அப்படி விட முடியவில்லை. அக்கா அன்று வரவில்லை. கூப்பிட்டதற்கு, “வேற ஆளச் சேத்துக்கோடா” என்றாள், சாதாரணக் குரலில்.

அடுத்த மாதம் அக்காவோடு அவனும் இஸ்திரிப் பெண் இருந்த தெருவுக்குப் போனான். வீட்டுக்கு யாரோ வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்குக் கையை விரித்தார்கள். பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.  அவன் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.