பூப்போட்ட தொப்பிப் பட்டை

டமார் என்று ஒரே ஒரு வெடி. ஓடைக்கு அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த பசு முன்னங்கால்களை மடித்து, பிரார்த்தனைக்கு மண்டியிடுவது போல மெல்லச் சரிந்தது.

தாலா ஓடைப் பக்கத்தில் யுத்தம் இப்படித்தான் ஆரம்பித்தது. அக்கரையில் தலைநகர் மான்ட்டிவீடியோவில் இருக்கும் அரசாங்கத்தின் பக்கம் நிற்கும் சிவப்புக் கட்சிக்காரர்கள். இக்கரையில் அதை எதிர்த்துக் கிளம்பிய வெள்ளைக் கட்சிக்காரர்கள். கொஞ்ச நேரம் மாறி மாறிச் சுட்டார்கள். ஒருவருக்கும் அடிபடவில்லை. பிறகு பசு யாருடையது என்று ஓடைக்குக் குறுக்கே கூச்சலிட்டு வாய்ச்சண்டை போட்டுவிட்டுக் கலைந்து போனார்கள்.

இக்கரையில் இருந்த எவாரிஸ்தோ பசுவைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் குப்புறப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த லௌரோவின் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு கட்சிக்கும் சீருடை கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி போர்வை, ஒரே மாதிரி குதிரை. தொப்பியைச் சுற்றிக் கட்டிய பட்டையின் நிறம்தான் ஆளை அடையாளம் காட்டும். பட்டையை வீட்டுப் பெண்கள் தைத்துக் கொடுப்பார்கள். அம்மாவோ தங்கையோ தைத்தால் கட்சியின் வாசகம் மட்டும் இருக்கும். பூ வேலை இருந்தால் அது மனசுக்குப் பிடித்தவள் தைத்தது. இது அந்தச் சீமையில் குழந்தைக்கும் தெரியும்.

லௌரோவுக்கு வீட்டில் பெண்கள் யாரும் இல்லை. அதனால் யுத்தச் செய்தி வந்த அன்று எவாரிஸ்தோவின் வீட்டுக்கே வந்து, அவன் மனைவி தொமாசாவிடம் தனக்கும் ஒரு பட்டை தைத்துத் தரச் சொல்லிக் கேட்டான். நாலு பேர் முன்னால் கேட்டதால் எவாரிஸ்தோவால் மறுக்க முடியவில்லை. ஒரு காலத்தில் தொமாசாவைப் பெண் கேட்டு நின்றவன்தான் இந்த லௌரோ.

அவள் லௌரோவுக்குத் தைத்துக் கொடுத்த வெள்ளைப் பட்டையில் நீல நூலில் ஒரு கொடிப்பூ விரிந்திருந்தது. புருஷனுக்குத் தைத்ததில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை, அதுவும் தடிமனாக, குதிரைச் சேணத்துக்குத் தைத்தது போல.

கூட்டத்தில் கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும்? எவாரிஸ்தோவின் பட்டை மாவு மூட்டையில் கிழித்ததா என்று ஒருவன் கேட்டான். லௌரோவின் பூவுக்கு வாசனை உண்டா என்று இன்னொருவன் மூக்கை நீட்டினான். லௌரோ தொப்பியை லேசாகச் சாய்த்து வைத்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எவாரிஸ்தோவின் வயிற்றில் கொள்ளிக்கட்டையாக விழுந்தது.

தொமாசாவுக்கு அவன் என்ன குறை வைத்தான்? யோசித்தால் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அவள் சிவப்புக் கட்சிக் குடும்பத்துப் பெண். கல்யாணமான புதிதில், அவள் அப்பா சிப்ரியானோவின் பழைய சிவப்புப் பட்டையை அடுப்பில் போடச் சொன்னான். அவன் வீட்டில் சிவப்புத் திரைச்சீலை கூடக் கிடையாது. அவள் அழாமல் பட்டையை உள்ளே எடுத்துப் போனாள், எரித்துவிட்டதாகச் சொன்னாள். அந்தக் கோபத்தை இப்போது பூவாகத் தைத்துக் காட்டுகிறாளோ?

மத்தியானம், சுட்ட மாட்டிறைச்சி தின்றுவிட்டுச் சீட்டு விளையாட உட்கார்ந்தார்கள். எவாரிஸ்தோ லௌரோவைக் கூப்பிட்டான். பந்தயம், பட்டைக்குப் பட்டை.

லௌரோவின் சிரிப்பு மறைந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்க முடியாது. எவாரிஸ்தோவின் கையில் உருப்படியாக ஒரு சீட்டும் இல்லை. ஆனாலும் இருப்பது போல உரக்கக் கேள்வியை ஏற்றி மிரட்டினான். லௌரோ அதை நம்பி, தோல்வியை ஒப்புக்கொண்டு சீட்டைக் கவிழ்த்தான்.

பூ எவாரிஸ்தோவின் தொப்பிக்கு வந்தது. சந்தோஷம் வரவில்லை. மாவு மூட்டைப் பட்டையைக் கட்டிக்கொண்ட லௌரோ அதை விரலால் நீவியபோது, அதுவும் தொமாசாவின் கை பட்ட துணிதானே என்று புதிதாக எரிந்தது.

மறுநாள் மழை. எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து வரக் கேப்டன் இவர்கள் இருவரையுமே அனுப்பினார். சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓடைக்கரைக் காட்டுக்குள் போனார்கள். லௌரோ ஒரு தரம் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான். பட்டையை உற்றுப் பார்த்தான். அதை விரலால் தடவிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

திடீரென்று முன்னால் குதிரைக் குளம்புச் சத்தம். திரும்பி ஓட வழியில்லை, பின்னால் வெள்ளம். எவாரிஸ்தோ துப்பாக்கியை எடுப்பதற்குள் லௌரோவின் துப்பாக்கி அவன் விலாவில் இடித்தது.

"கையைத் தூக்குடா" என்றான் லௌரோ.

எவாரிஸ்தோ பார்த்தான். லௌரோவின் தொப்பியில் இப்போது இருந்தது சிவப்புப் பட்டை. இந்தத் துரோகி இதற்காகத்தான் காத்திருந்தான். இன்றே நான் சாவேன், நாளைக்கே தொமாசா வீட்டு வாசலில் இவன் குதிரையைக் கட்டுவான்.

மரங்களுக்குள்ளிருந்து சிவப்புக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். வடக்கு ஆட்கள், முகம் தெரியாதவர்கள். தலைவன் எவாரிஸ்தோவின் தொப்பியைப் பார்த்துவிட்டு இடுப்புக் கத்தியைத் தொட்டான்.

"இவனை எதுக்கு இழுத்துக்கிட்டு அலையற? இங்கேயே கழுத்தை அறுத்துப் போடு."

"பூவைப் பாருங்க அண்ணே, வசதியான வீட்டு ஆளு" என்றான் லௌரோ. "கொண்டுபோய்த் தட்டினா நாலு விஷயம் கக்குவான்."

தலைவன் பூவைப் பார்த்தான், சிரித்தான், தாமதிக்காமல் கொண்டு போகச் சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினான்.

குளம்புச் சத்தம் அடங்கியதும் லௌரோ துப்பாக்கியை இறக்கினான். எவாரிஸ்தோ அவன் சட்டையைப் பிடித்தான். அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டான்.

லௌரோ பட்டையை அவிழ்த்து நீட்டினான். ஒரு பக்கம் எவாரிஸ்தோவின் அதே வெறும் வெள்ளைத் துணி. நனைந்ததில் அடியிலிருந்த நிறம் தெரிந்தது. மறுபக்கம் பழைய சிவப்புப் பட்டை. வெளிறிய மஞ்சள் நூலில் ஒரு பெயர்: சிப்ரியானோ. சட்டென்று திருப்பிக் கட்டிக்கொள்ள வசதியாக ஓரங்களில் இரட்டைத் தையல். அடுப்பில் எரிந்துபோனதாக அவன் நம்பிக்கொண்டிருந்த பட்டை. தொமாசா சொல்லியிருந்தால் அவன் அதைத் தலையில் வைத்திருக்கவே மாட்டான்.

எவாரிஸ்தோ பூப்போட்ட பட்டையைக் கழற்றி நீட்டினான். லௌரோ அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பினான். நகத்தால் தையலைப் பிரித்து உள்ளே பார்த்தான். ஒன்றுமில்லை.

"இந்தப் பூவைப் பார்த்துப் பார்த்து என்னென்னவோ நினைச்சுட்டேன்டா" என்றான் லௌரோ. "நான் செத்தா அழகாச் சாகட்டும்னுதான் போட்டிருக்கா."